ஒளி-ஒலிப் படத்தில் சாயம் எது, ரத்தம் எது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இயற்பியலோ பயோமெடிக்கலோ முடித்துவிட்டு ஆய்வுக்குப் போகிறவர்களுக்காக இது. சில நானோவினாடியே நீடிக்கும் லேசர் துடிப்பைத் திசுவுக்குள் விடுகிறோம், ஒளியை உறிஞ்சிய இடம் துளி சூடாகிச் சட்டென்று விரிகிறது, அந்த விரிவு அல்ட்ராசவுண்டாக வெளியே வருகிறது, அதைக் கேட்டு வரைவதுதான் ஒளி-ஒலிப் படம் (போட்டோஅகூஸ்டிக் இமேஜிங்). 1880இல் கிரகாம் பெல் கண்ட விளைவுதான்.

படத்தில் பளிச்சென்று தெரிவதை எல்லாம் நீங்கள் செலுத்திய சாயம் என்று நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் அது ரத்தம். ஒரே அலைநீளத்தில் எடுத்த படத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் பெங்களூராவையும் அல்போன்சாவையும் கலந்துவிட்டு நிறத்தை மட்டும் பார்த்து விகிதம் கேட்பது போலத்தான். ரத்தத்தின் சிவப்பு நிறமியான ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் இழந்ததற்கு ஒளி உறிஞ்சலில் 760 நானோமீட்டர் அருகே ஒரு மேடு உண்டு, ஆக்சிஜன் உள்ளது 800க்கு மேல் மெல்ல ஏறும், 800 அருகே இரண்டும் சமம். இண்டோசயனின் கிரீன் சாயமோ ரத்தத்தில் 800ஐ ஒட்டி உச்சம் தொட்டு, அப்புறம் மடமடவென்று சரிந்து 900இல் கிட்டத்தட்ட காணாமல் போகும். அந்தச் சரிவுதான் உங்கள் அடையாளம், அதனால் 700 முதல் 900 வரை பல அலைநீளங்களில் எடுங்கள், 850க்கு மேலேயும் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கட்டும்.

சாயத்தின் நிறமாலையை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை, தண்ணீரில் கலந்து அளந்து வைத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீரில் உச்சம் 780 பக்கம் நிற்கும், செறிவு கூடினால் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு 700 பக்கம் போய்விடும், பிளாஸ்மாவில் புரதத்தோடு சேர்ந்தால் 800க்கு நகரும். சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த திரவம்) கலந்து அளப்பதே நல்லது.

விலங்கைத் தொடும் முன் ஒரு போலித் திசு செய்து பாருங்கள். மளிகைக் கடைக் கடல்பாசியைக் காய்ச்சி, ஒளி சிதற இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புக் குழம்பு, உறிஞ்ச கொஞ்சம் இந்தியன் இங்க், நடுவே மெல்லிய குழாயில் சாயம், அவ்வளவுதான். செறிவைக் குறைத்துக்கொண்டே போனால் உங்கள் கருவி எதுவரை கண்டுபிடிக்கிறது என்று தெரியும். கருவி கையில் இல்லையென்றால் இதைக் கணினியிலேயே போலச் செய்து பார்க்க, மேட்லேப்பில் ஓடும் கே-வேவ் மென்பொருள் இலவசம்.

பிறகு உண்மையான ஸ்கேன். தோலுக்கும் ஒலி உணரிக்கும் நடுவே பூசும் ஜெல்லில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி இல்லாமல் அறைக்குள் போகாதீர்கள், இதில் பேரமே கிடையாது. சாயத்தை ஊசியில் ஏற்றும் முன்பே அதே நிலையில் படங்கள் எடுத்து வையுங்கள். இந்தச் சாயத்தைக் கல்லீரல் சில நிமிடங்களிலேயே இழுத்துக்கொள்ளும், ஆகவே ஏறி இறங்கும் சிக்னலைத் தேடுங்கள்.

கணக்குக்கு வந்தால், ஒவ்வொரு துடிப்பின் ஆற்றலாலும் முதலில் வகுத்துவிட்டு, எதிர்ம விடை வராத மீச்சிறு வர்க்க முறையில் (நான்-நெகட்டிவ் லீஸ்ட் ஸ்கொயர்ஸ்) சாயத்தையும் ரத்தத்தையும் பிரியுங்கள். ஆழம் போகப் போக மேலே உள்ள ரத்தம் சில அலைநீளங்களைக் கூடுதலாகத் தின்றுவிடுவதால் அடியில் இருக்கும் வெறும் ரத்தக்குழாயின் நிறமாலையே கோணிப்போகும், சாயம் போல வேஷம் போடும். இதைப் பிடிக்க எளிய வழி, ஊசிக்கு முந்தைய படங்களையும் அதே கணக்கில் ஓட்டுவது. சாயமே இல்லாத அந்தப் படங்களில் அந்தந்த ஆழத்தில் எவ்வளவு 'சாயம்' வருகிறதோ அதற்கு மேலே உங்கள் வரம்பை வையுங்கள், அதற்குக் கீழே உள்ளதை அறிக்கையில் எழுதாதீர்கள்.