பஞ்சாங்கத்தில் 22.30 என்றால் இரவு பத்தரை இல்லை
தர்ப்பணத்துக்குக் காவிரிப் படித்துறைக்குக் கிளம்பும் முன் திதி எதுவரை என்று பார்க்கிறீர்கள், பக்கத்தில் 22.30 என்று இருக்கிறது, அதை ரயில்வே டைம் மாதிரி படித்துவிடாதீர்கள், அது 22 நாழிகை 30 விநாடி (இது கடிகார விநாடி இல்லை, 60 சேர்ந்தால் ஒரு நாழிகை). நம் கணக்கில் நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை, சூரிய உதயத்தில்தான்; அடுத்த உதயம் வரை 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிஷம்.

சரி, மணியாக்க நாழிகையை இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுங்கள். இருபத்திரண்டரைக்கு 9 மணி நேரம் வரும். அந்தப் பஞ்சாங்கத்திலேயே போட்டிருக்கும் உதயத்தோடு அதைக் கூட்டுங்கள், உதயம் 6.10 என்றால் திதி பிற்பகல் 3.10 வரை.

அப்புறம் ராகுகாலம். அதற்குக் கும்பகோணமோ மாயவரமோ, உங்கள் ஊர்ப் பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும், திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கு.