வயது வந்தபின் முன்தோல் நீக்கம்: முடிவெடுக்கும் முன்னும் பின்னும்

ஆணுறுப்பின் நுனியை மூடியிருக்கும் முன்தோலின் இறுக்கத்திற்காக அறுவை சிகிச்சையை நாடுபவர், ஸ்டீராய்டு களிம்பே பலருக்குப் போதுமானதாக இருப்பதால், முதலில் அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீக்கிய தோல் திரும்ப வளராது. நுண்ணிய தொடுதலை உணரும் நரம்பு முனைகள் அத்தோலில் நிறைந்திருப்பதால், உணர்வு குறையுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும், கென்யாவிலும் உகாண்டாவிலும் நடத்தப்பட்டு 2008இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வுகளில், அறுவை செய்துகொண்டவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இடையே பாலியல் திருப்தியில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எச்.ஐ.வி. தடுப்புக்காக முன்வந்த ஆண்களே அவற்றில் பங்கேற்றார்கள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் உள்ளாடை உரசினாலே ஆணுறுப்பின் நுனி கூசும். அது படிப்படியாகத் தணியும். இரவில் தானாக ஏற்படும் விறைப்பு தையலை இழுத்தால், எழுந்து சிறுநீர் கழித்துவிட்டுச் சற்று நடப்பது நல்லது. காயம் ஆறியதுபோல் தோன்றினாலும் 6 வாரங்கள் வரை உடலுறவையும் சுயஇன்பத்தையும் தவிர்க்க வேண்டும். அதன்பின், எங்கே வலிக்கிறது என்பதைத் துணையிடம் வெளிப்படையாகச் சொல்லி, வழவழப்புத் தரும் ஜெல்லுடன் மெதுவாகத் தொடங்கலாம்.