முதலில் நிழல், பிறகுதான் செடி: பாலைவன நகரத்து அடுக்குமாடிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாயிலும் ஷார்ஜாவிலும் உயரமான குடியிருப்புகளின் பூங்கா பெரும்பாலும் தரையில் இருக்காது. நாலைந்து அடுக்கு கார் நிறுத்தத்தின் கூரைமேல் இருக்கும். போடியம் என்பார்கள். விற்பனைப் படத்தில் அங்கே குழந்தைகள் ஓடியாடுவார்கள். ஜூலை மாதம் மாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள், ஓர் ஆள் இருக்கமாட்டார். செடியை யோசித்தவர்கள் நிழலை யோசிக்கவில்லை. நான் பார்த்தவரை எல்லாவற்றுக்கும் மேலான தவறு இதுதான்.

கோடையில் பகல் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். கடலோர நகரங்களில் இரவிலும் 30-க்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு, புழுக்கம் வேறு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணிவரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் விதியே இருக்கிறது. அந்த வெயிலில் கிடந்த கல் பெஞ்சில் யார் உட்காருவார்? எனவே இடத்தை வரையும் முன்பே, யார், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்க வேண்டும். கட்டடத்தின் நிழலுக்குச் செலவே இல்லை. பிற்பகலில் அது கிழக்குப் பக்கம் விழும். விளையாட்டுத் திடலை அங்கே வைக்காமல் மேற்கில் வைத்துவிட்டு, பிறகு துணிக்கூரைக்குப் பணம் தேடுகிறார்கள்.

அடுத்தது புல்தரை. துபாயில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டர் அளவுதான். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல் நாளொன்றுக்குச் சுமார் 10 லிட்டர் குடிக்கும். 500 சதுர மீட்டர் என்றால் 5,000 லிட்டர். குடிநீரே கடல்நீரைச் சுத்திகரித்து வரும் ஊரில் அதைப் புல்லுக்கு ஊற்றுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். சுத்திகரித்த கழிவுநீர் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் நீரும் இருக்கிறது. புர்ஜ் கலீஃபாவில் அந்தச் சொட்டுநீரை மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி கேலன் சேகரித்துச் செடிகளுக்கு விடுகிறார்கள். புதுக் கட்டடமானால் அந்தக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பும் வேலையைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். சுவரை மூடிய பிறகு அது பெரிய செலவு.

மரத்தேர்வில் அவசரம் கூடாது. சீக்கிரம் பச்சையாகும் என்று கோனோகார்பஸ் என்னும் மரத்தை வரிசையாக நட்டவர்கள் வளைகுடா எங்கும் உண்டு. தண்ணீரைத் தேடிப் போகும் அதன் வேர் குழாய்களுக்குள் புகுந்து அடைத்தது. அமீரகத்தின் தேசிய மரமான காஃப் வேறு எதுவுமில்லை, நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிதான். ஆனால் வன்னியின் ஆணிவேர் மிக ஆழத்துக்கு இறங்குவது. அதைத் தரையில் நடுங்கள், கான்கிரீட் தொட்டியில் அடைக்க வேண்டாம். ஈர மண் கன மீட்டருக்கு இரண்டு டன்னை நெருங்கும் என்பதால், கட்டி முடித்த தளத்தில் பொறியாளரைக் கேட்காமல் மண் நிரப்புவது ஆபத்து. குறைந்த மண்ணில் அகலமான நிழல் வேண்டுமானால் காகிதப்பூவைப் பந்தலில் ஏற்றலாம்.

நாற்பது மாடிக்கும் சேர்த்துக் கீழே ஒரே தோட்டம் என்பதும் தவறுதான். முப்பதாவது மாடிப் பாட்டி தினமும் லிஃப்டுக்குக் காத்திருந்து இறங்கி வரமாட்டார். சவுதியின் ஜித்தாவில் 1983-இல் முடிந்த தேசிய வணிக வங்கிக் கட்டடம் அலுவலகம்தான், ஆனாலும் அதில் பாடம் இருக்கிறது. 27 மாடி முக்கோணக் கோபுரத்தின் வெளிச்சுவரைப் பல மாடி உயரத்துக்குத் திறந்துவிட்டு, உள்ளே நிழல் முற்றங்கள் வைத்தார்கள். அலுவலக ஜன்னல்கள் வெயிலைப் பார்க்காமல் அந்த முற்றத்தைப் பார்க்கின்றன. வீடுகளிலும் எட்டுப் பத்து மாடிக்கு ஒரு முற்றம் விடலாம். உயரத்தில் காற்று பலமாக அடிக்கும், இலை கருகும். அங்கே முழுக் கண்ணாடித் தடுப்பைவிட இடைவெளி விட்ட சட்டங்கள் காற்றை நன்றாகத் தணிக்கும்.

சின்ன விஷயங்களும் ஆளை விரட்டும். நான் குடியிருந்த ஷார்ஜா கட்டடத்தின் போடியத்தில் ஊஞ்சல் இருந்தது, ஈச்சமரம் இருந்தது. குடிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு வெக்கை கொஞ்சம் தணிந்ததும் தாய்மார்கள் பிள்ளைகளோடு இறங்கி வருவார்கள். பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு பிள்ளை தாகம் என்று அழும். லிஃப்ட் வாசலில் மறுபடியும் வரிசை நிற்கும்.