திருக்கார்த்திகைக்கு வீட்டில் விளக்கேற்றும் முறை

கார்த்திகை மாதத்தில் கிருத்திகை நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடிவரும் நாளில் கொண்டாடப்படும் தீபத் திருநாள், தமிழகத்தின் மிகப் பழைய விழாக்களுள் ஒன்று. நிலவு நிறைந்து, அறுமீன் எனப்படும் கிருத்திகை சேரும் இரவில் தெருவெங்கும் விளக்கு வைத்ததை அகநானூறு பாடுகிறது; மயிலாப்பூர்ப் பதிகத்தில் திருஞானசம்பந்தரும் கார்த்திகை விளக்கீட்டைக் குறிப்பிடுகிறார். அடியும் முடியும் தேடிய திருமாலுக்கும் பிரமனுக்கும் எட்டாத சோதிப் பிழம்பாகச் சிவபெருமான் நின்றதைத் திருவண்ணாமலை நினைவூட்டுகிறது. சரவணப் பொய்கையில் முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களைப் போற்றும் நாளாகவும் இது அமைகிறது.

திருவண்ணாமலையில் அன்று அதிகாலையில் ஏற்றப்படும் பரணி தீபத்தில் ஒரு சுடரிலிருந்து ஐந்து சுடர்கள் ஏற்றப்படுகின்றன. ஒன்றாய் இருக்கும் இறை பலவாய் விரிவதை இது உணர்த்துகிறது. மாலையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே காட்சி தர, மலையுச்சியில் மகா தீபம் ஏறுகிறது. வீட்டிலும் இதே வரிசையைப் பின்பற்றுவதுதான் பொருத்தம்: முதலில் பூசையறையில் குத்துவிளக்கு, பிறகு அதிலிருந்து எடுத்த சுடரால் மற்ற அகல்கள். ஒவ்வோர் அகலுக்கும் புதிதாகத் தீக்குச்சி கிழிப்பது எளிதாக இருக்கலாம். ஆனால் ஒன்று பலவாகும் அந்தப் பொருள் அதில் விடுபட்டுப் போகிறது.

அகல்களைத் தயார்செய்வதில்தான் கவனம் வேண்டும். புது அகல் எண்ணெயைக் குடித்துவிடும் என்பதால், முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் காலையில் எடுத்து, ஈரம் போக நன்றாக உலர்த்த வேண்டும். பழைய அகல்களில் படிந்த பிசுக்கு வெந்நீரில் சீயக்காய்த்தூள் போட்டு ஊறவைத்தால் கழன்றுவிடும். உலர்ந்த அகலுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, நல்லெண்ணெய் ஊற்றி, இரண்டு பஞ்சுத் திரிகளை ஒன்றாக முறுக்கிப் போடுங்கள். திரி முழுவதும் எண்ணெயில் நனைந்திருக்க, நுனி மட்டும் சிறிதளவு வெளியே நீண்டால் போதும். அதிகம் நீண்டால் சுடர் பெரிதாகிப் புகையும், கரி படியும். நுனியில் கற்பூரத்தூள் துளி வைத்தால், கார்த்திகைக் காற்றிலும் ஈரத்திலும் திரி உடனே பற்றிக்கொள்ளும்.

மாலையில் வாசல் தெளித்து மாக்கோலம் இட்டு, பொழுது சாயும் வேளையில் ஏற்றத் தொடங்குங்கள். வாசற்படியின் இருபுறம், திண்ணை, மாடம், துளசி மாடம், கிணற்றடி, மாட்டுத் தொழுவம், மொட்டைமாடிச் சுவர் என வீட்டில் புழங்கும் இடங்களிலெல்லாம் ஒன்றேனும் இருக்கட்டும். 27 நட்சத்திரங்களுக்கு 27 என்று ஏற்றுவோரும் உண்டு. எண்ணைவிட, இருண்ட மூலை எதுவும் விடுபடாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம் என்பது என் எண்ணம். திரைச்சீலையின் அருகிலும் வாகனங்களின் பக்கத்திலும் அகலை வைக்கக் கூடாது. சேலைத் தலைப்பையும் பாவாடையையும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே வரிசையாக ஏற்றிச் செல்ல வேண்டும்.

நிவேதனத்துக்குப் பொரியுருண்டை, அப்பம், அடை ஆகியவை வழக்கம். தென் மாவட்டங்களில் ஓலைக் கொழுக்கட்டை தவறாமல் இடம்பெறும். பொரியுருண்டைக்கு ஒரு கப் வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சி, பாகைத் தண்ணீரில் விட்டால் கெட்டியாக உருண்டு, தட்டில் போட்டால் ஓசை எழும் பதத்தில் இறக்குங்கள். அதில் நான்கு கப் நெற்பொரி, தேங்காய்ப் பல், ஏலக்காய், சுக்குத்தூள் சேர்த்துக் கிளறி, சூடு ஆறுவதற்குள் அரிசி மாவு தொட்ட கைகளால் உருட்ட வேண்டும். இளம் பாகில் கலந்தால் உருண்டை நிற்காது, பொரியும் நமுத்துப் போகும்.

வீட்டு விளக்கு எரியத் தொடங்கியதும், அருகிலுள்ள கோயிலுக்குப் போய்ச் சொக்கப்பனையைக் காண்பது நல்லது. பனந்தண்டை நட்டுப் பனையோலை சுற்றிக் கொளுத்தும்போது ஓங்கி எழும் அந்த நெருப்பு, அண்ணாமலைச் சோதியையே குறிக்கிறது. கிளம்பும் முன் உள்ளே எரியும் விளக்குகளைக் கவனித்துக்கொள்ள யாராவது ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.

விளக்கை வாயால் ஊதக் கூடாது. பூவால் அமர்த்திக் குளிர வைப்பதே மரபு. பல ஊர்களில் மறுநாளும் ஏற்றுகிறார்கள். அதைக் குப்பைக் கார்த்திகை என்பார்கள். வயலுக்கு உரம் தரும் எருக்குழிக்கும் ஓர் அகல் வைக்கும் இந்த வழக்கத்தைக் கைவிடாதீர்கள். எருக்குழி இல்லாதவர்கள் தோட்டத்து மண்ணில் ஒன்று ஏற்றலாம்.