பென்டிரைவுக்கு ஒரு பூட்டு: என் அனுபவம்

அம்மாவின் ஐசி (அடையாள அட்டை) நகல், வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்), இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை எல்லாமே ஒரே பென்டிரைவில். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் போட்டோஸ்டாட் கடையில் அதைச் செருகும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். என்னிடம் இருப்பது விண்டோஸ் ஹோம். விண்டோஸின் சொந்தப் பூட்டு வசதியான பிட்லாக்கரில் பூட்ட விண்டோஸ் ப்ரோ வேண்டும். அதனால் வெராகிரிப்ட் என்ற இலவசப் பூட்டு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன்.

முழு டிரைவையும் பூட்டவில்லை. பூட்டினால், செருகியதும் விண்டோஸ் ‘ஃபார்மெட் செய்யவா?’ என்று கேட்கும். வீட்டில் யாராவது சரியென்று அழுத்தினால் எல்லாம் போச்சு. பென்டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மெட் செய்து (பழைய அமைப்பான ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது), 8 ஜிபிக்கு ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறையில் ஒரு கண்டெய்னர் கோப்பு (கடவுச்சொல் போட்டால் மட்டும் திறக்கும் பெட்டி போன்றது) உருவாக்கினேன். அச்செடுக்க வேண்டிய பிரதி மட்டும் வெளியே இருக்கும். கடைக் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டவே மாட்டேன். மறந்தால் மீட்க வழியில்லை என்பதால், அதை எழுதி வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.