குப்பி யார் கைக்கு எட்டுகிறது? ரிட்டலின், கான்செர்ட்டா இருக்கும் வீடுகளில் நடக்கும் தவறுகள்

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் போனால், தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் எங்கும் இதே பேச்சுதான். டீச்சர் சீட்டு அனுப்புகிறார், பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள், கவனம் நிற்காத, கை கால் அடங்காத ஏ.டி.எச்.டி. கோளாறு என்று தெரியவருகிறது. ரிட்டலினோ கான்செர்ட்டாவோ எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டிலும் இருப்பது மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்துதான். அன்றிரவே ஆயா (பாட்டி) கேட்கிறார்: "போதை மருந்தையா பிள்ளைக்குக் கொடுக்கப் போறீங்க?" போன வருடம் மருந்து தொடங்கிய வீடுகளில் நடந்த தவறுகளே இந்த வருடமும் நடக்கின்றன. வேளை தவறாதீர்கள் என்பது போன்றவை பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே உண்டு. அவற்றை விட்டுவிடுவோம்.

மாலை அழுகையைப் பார்த்து மருந்தை நிறுத்துவது

சாதாரண ரிட்டலின் 10 மில்லிகிராம் மாத்திரை மூன்று, நான்கு மணி நேரம் வேலை செய்யும். ரிட்டலின் எல்.ஏ. சுமார் 8 மணி நேரம், கான்செர்ட்டா 10 முதல் 12 மணி நேரம். மருந்தின் வேகம் குறையும் அந்த ஒரு மணி நேரத்தில் சில பிள்ளைகள் சிடுசிடுப்பார்கள், காரணமில்லாமல் அழுவார்கள். பெற்றோர் இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை மருந்துக்கு ஏங்குகிறது என்று பயந்து மறுநாளே நிறுத்திவிடுகிறார்கள். அது ஏக்கம் அல்ல. அழுகை தொடங்கும் நேரத்தை ஒரு வாரம் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். வேளையையோ மருந்தின் வகையையோ மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீங்களாகவே மாலையில் இன்னொரு மாத்திரை கொடுக்காதீர்கள், இரவுத் தூக்கம் போய்விடும்.

பயத்தை ஒரு பிள்ளை மேல் வைத்து, குப்பியை இன்னொரு பிள்ளைக்கு எட்ட வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான், அதிகம் கெடுப்பதும் இதுதான்.

'சுகர்ஸ்' என்ற ஹெராயின் கலந்த போதைப்பொடி சாட்ஸ்வர்த் தெருக்களில் என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு ஆயாவின் பயம் புரியும். ஆனால் ஒரு மருந்து போதையாக மாறுவது, அது எவ்வளவு வேகமாக மூளைக்குப் போய்ச் சேர்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. விழுங்கிய மெத்தில்ஃபெனிடேட் மூளையில் உச்சத்துக்கு வர 60 முதல் 90 நிமிடம் ஆகிறது. ஊசியில் ஏற்றினால் 10 நிமிடம் போதும். பொடித்து மூக்கில் இழுத்தாலும் வேகம் கூடிவிடும். டாக்டர் சொன்ன அளவில் விழுங்கும் பிள்ளைக்கு அந்தத் திடீர் ஏற்றம் கிடைப்பதில்லை. பத்துப் பிள்ளைகளில் ஏழு பேருக்காவது கவனம் நிற்கிறது, கை கால் அடங்குகிறது. ஸ்வீடனில் ஏ.டி.எச்.டி. உள்ள 38,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். இம்மருந்து வாங்கியவர்களிடம், மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, போதைப் பழக்கம் சுமார் 31 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்தால் மட்டுமே குறைந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கூடவில்லை என்பது தெளிவு.

இப்போது அந்த வீட்டு அடுப்படியைப் பாருங்கள். எட்டு வயதுப் பையன் மாத்திரையை விழுங்கினானா என்று அம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். பார்த்து முடித்ததும் குப்பி ஃப்ரிட்ஜின் மேலே, தேயிலை டப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அக்டோபரில் மெட்ரிக் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை. அக்காவோ, படிக்க வந்த மாமா பையனோ, ராத்திரி பதினொரு மணிக்கு ஒன்றை எடுக்கிறார்கள். சில வீடுகளில் பெரியவர்களே "ஒண்ணுதானே, பரீட்சை முடியட்டும்" என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். டாக்டர் பார்க்காத, ரத்த அழுத்தம் அளக்காத, இதயக் கோளாறு உண்டா என்று யாரும் கேட்காத பிள்ளை அது.

அதனால் மார்க்காவது கூடுமா? 2023-ல் ஆஸ்திரேலியாவில் ஏ.டி.எச்.டி. இல்லாத 40 பேருக்கு இவ்வகை மருந்துகளைக் கொடுத்துக் கடினமான கணக்குகளைப் போடச் சொன்னார்கள். முயற்சி கூடியது, விடையின் தரம் குறைந்தது. நன்றாகப் படித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தூங்காத இரவுக்கு மறுநாள் சோர்வு, சோர்வுக்கு இன்னொரு மாத்திரை, ஒன்று போதாமல் இரண்டு. பழக்கம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் நுழைகிறது. பரீட்சை முடிந்த இரவு பீரும் சேர்ந்தால், மது ரத்தத்தில் மருந்தின் அளவையே உயர்த்திவிடும். குடித்தது தெரியாமல் மேலும் குடிப்பார்கள்.

சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. 1965-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் மருந்துச் சட்டப்படி மெத்தில்ஃபெனிடேட் 6-ஆம் அட்டவணையில் இருக்கிறது. ஒருமுறைக்கு 30 நாள் மருந்துதான், அடுத்த மாதத்துக்குப் புதுச் சீட்டு வேண்டும். ஒருவர் பேரில் எழுதியதை இன்னொருவருக்குக் கொடுப்பது குற்றம்.

ஆகவே பூட்டு உள்ள பெட்டி, சாவி ஒருவரிடம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது மாத்திரைகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். 1-ஆம் தேதி 30 என்றால், தினம் ஒன்றாக 8-ஆம் தேதி காலை வேளைக்கு முன் 23 இருக்க வேண்டும். 21 இருந்தால் அன்றைக்கே வீட்டில் கேட்டுவிடுங்கள். பள்ளிப் பையில் மாத்திரை போகவே கூடாது, தோழர்கள் விலைக்குக் கேட்பார்கள். மதிய வேளை தேவைப்பட்டால் நீண்ட நேரம் வேலை செய்யும் வகையை டாக்டரிடம் கேளுங்கள். மிச்சமானதை மருந்துக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. பதின்ம வயதில் கஞ்சா, குடி தொட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அட்டோமாக்ஸெட்டின் போல இந்த வகையில் சேராத மருந்தும் உண்டு.

கான்செர்ட்டாவைப் பொடிப்பது

விழுங்க மறுக்கிறான் என்று தேன் விட்டு நசுக்கிக் கொடுக்கிறார்கள். அதன் ஓட்டில் லேசரால் துளைத்த சிறு ஓட்டை இருக்கிறது. உள்ளே தண்ணீர் ஏறி, ஓர் அடுக்கு உப்பி, மருந்தை மெல்ல வெளியே தள்ளுகிறது. நசுக்கினால் நாள் முழுக்க வரவேண்டியது ஒரே நேரத்தில் வந்துவிடும். வெற்று ஓடு மலத்தில் வருவது இயல்பு, மருந்து சேரவில்லை என்று இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள். விழுங்க முடியாதவர்களுக்கு ரிட்டலின் எல்.ஏ. குளிகையைத் திறந்து ஆறிய ஆப்பிள் கூழில் தூவலாம். உள்ளிருக்கும் சிறு மணிகளைக் கடித்து மெல்லக் கூடாது.

வெறும் வயிறு

மருந்துக்கு முன்னால் முட்டையும் ரொட்டியும். மதியம் பசிக்காது.

எனர்ஜி டிரிங்க்

வேண்டாம்.

உயரத்தை அளக்காமல் விடுவது

எடை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உயரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கதவு நிலையில் பென்சில் கோடு போட்டாலும் போதும், தேதி எழுதுங்கள். ரத்த அழுத்தத்தையும் நாடியையும் அளவு மாற்றும்போதெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தவர் மாத்திரையை எடுத்தது தெரிந்ததும் அடிப்பது

அடித்தால் ஒளித்துச் சாப்பிடுவார்கள். எத்தனை நாளாக, எத்தனை மாத்திரை, விழுங்கினார்களா மூக்கில் இழுத்தார்களா என்று கேட்டுக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பல வாரம் தொடர்ந்து எடுத்தவர்கள் நிறுத்தியதும் சில நாள் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவார்கள், மனம் மிகவும் இடிந்துபோகும். அந்த நாட்களில் தனியாக விடாதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். போதைப் பழக்கத்துக்கான அரசின் இலவச எண் 0800 12 13 14. நெஞ்சு வலி, உடம்பு கொதிப்பு, பிதற்றல், வலிப்பு என்றால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ் எண் 10177-ஐ அழைத்து, குப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.