குதிரைமயிர்ப் புழுவை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது எப்படி?

முதலில் புழு வேண்டும். மட்டக்களப்பில் தேடுகிறவர்கள் வாவியை விட்டுவிடுங்கள், அது உவர்நீர். மாரி மழை ஓய்ந்ததும் உன்னிச்சைப் பக்கத்து வயல் வாய்க்கால், கிணற்றடித் தொட்டி போன்ற நன்னீரில் பாருங்கள். கும்பிடுபூச்சியோ வெட்டுக்கிளியோ விழுந்து கிடந்தால் இன்னும் கவனமாக. கபில நிறத்தில், சாண் நீளத்துக்கு, தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கும். பயம் வேண்டாம், இது பூச்சிகளுக்குள் வளரும் ஒட்டுண்ணி.

படி 1: 70 சதவீத மதுசாரத்தில் ஒரு நாள் ஊறவிடுங்கள்.

படி 2: கைவில்லையால் வாலைப் பாருங்கள். இந்தப் புழுக்களில் கோர்டியஸ், பராகோர்டியஸ், கோர்டோடெஸ் எனப் பேரினங்கள் உண்டு. கோர்டியஸ் ஆணின் வால் இரண்டாகப் பிளந்திருக்கும். கழியறைத் துளைக்கு (கழிவும் விந்தும் வெளியேறும் பொதுத்துளை) பின்னால் பிறைபோல ஒரு மடிப்பு. பராகோர்டியஸ் பெண்ணுக்கு மூன்று மடல். கோர்டோடெஸில் ஆணுக்குக்கூடப் பிளவில்லை, ஆகவே வாலை மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள்.

படி 3: இதுதான் முக்கியம். நடுவுடலில் சிறு துண்டு வெட்டி, நீளவாக்கில் கீறி விரியுங்கள். உள்ளே ஒட்டியிருப்பதைப் பிளேட்டின் முனையால் மெதுவாகச் சுரண்டுங்கள். வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி வழுக்கியில் வைத்து, ஒரு துளி கிளிசரின், அதன்மேல் மூடித்துண்டு. 100 மடங்கில் வெறும் சொரசொரப்புத்தான். 400க்குப் போனால் புறத்தோல் முழுக்கச் சிறு மேடுகள். கோர்டோடெஸில் அவை பல வகை, சிலவற்றின் உச்சியில் மயிர்க்கற்றைகூட உண்டு. கோர்டியஸில் தோல் பெரும்பாலும் வழுவழுப்பு. இப்போது நுண்செப்பக் குமிழை (குவியத்தைச் சிறிது சிறிதாக மாற்றும் திருகு) மெல்லத் திருப்புங்கள். மேடுகள் மங்கி, கீழே நார்கள் எழும், பன்பாய்போலக் குறுக்கும் மறுக்குமாக. ஆனால் பின்னல் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு.

படி 4: கரட் துண்டைப் பிளந்து புழுவை இடையில் செருகி, குறுக்கே மெல்லிசாகச் சீவுங்கள். பத்துச் சீவலில் ஒன்று தேறினாலே போதும். வெளியிலிருந்து தடித்த புறத்தோல், ஒற்றைக் கல அடுக்கு, அப்புறம் நீள்தசை. வட்டத்தசையைத் தேட வேண்டாம், அது இந்தப் புழுவுக்கு இல்லவே இல்லை. அதனால்தான் இது சாட்டைபோல வளையும், மண்புழுபோலச் சுருங்கி நீளாது. வயிற்றுப்புறத்தில் நரம்பு நாண். குடல் ஒடுங்கிய சிறு குழாய்தான், வளர்ந்த புழு எதுவும் சாப்பிடுவதில்லை. பெண்ணாக இருந்தால் மிச்ச இடமெல்லாம் முட்டை.

உயிருள்ள பெண் கிடைத்தால் கொல்லாதீர்கள். நன்னீரில் விட்டால் முட்டைச் சரங்கள் இடக்கூடும். பொரிக்கும் குடம்பி மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. தலையில் மூன்று வளையக் கொக்கிகள், நடுவே குத்தும் ஊசிகள். பாத்திரத்தை மட்டும் வலைத்துணியால் மூடுங்கள், இல்லாவிட்டால் நுளம்புதான் முதலில் பொரிக்கும்.